கேஸ் மாத்திரைக்கு அடங்காத எரிச்சல்: பித்தநீர் மேலேறுகிறதா என்று பார்ப்பது எப்படி?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷம் தாண்டிவிட்டது. காலையில் கடை திறக்கும்போதே இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். ஒருவருக்குத் தலைவலி மாத்திரை வேண்டும், இன்னொருவருக்கு கேஸ் மாத்திரை. கேஸ் மாத்திரை கேட்பவர்களில் எனக்கு முகம் பழகிப்போன ஒரு கூட்டம் உண்டு. வாங்குவார்கள், பத்து நாளில் திரும்பி வருவார்கள். "தம்பி, இது கேக்கல. இன்னும் பவரா ஏதாவது குடுங்க."

பவரைக் கூட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மேலே ஏறி வருவது எது? நாம் வாங்கும் கேஸ் மாத்திரை இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். பித்தநீர் சுரப்பது கல்லீரலில். அதை இந்த மாத்திரை தொடுவதே இல்லை. அமிலத்தோடு பித்தநீரும் சேர்ந்து ஏறுகிறவருக்கு மாத்திரை பாதி வேலைதான் செய்யும்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். வியாதியைப் பேர் சொல்லி முத்திரை குத்துவது என் வேலை இல்லை. என்ன அறிகுறி, அதற்குப் பின்னால் என்ன இருக்கலாம், எதை வீட்டிலேயே சரிசெய்து பார்க்கலாம், எப்போது டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம், கிளம்புங்கள்

நெஞ்சில் பாரம் வைத்தது போல வலி, வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால் அதை கேஸ் என்று நினைத்து சோடா குடிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சல் மாதிரியேகூட வரலாம்.

சோறு விழுங்கும்போது நெஞ்சில் சிக்குகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, வாந்தியில் ரத்தம் அல்லது காப்பித்தூள் மாதிரி கறுப்பு, மலம் தார் போலக் கறுப்பு, ரத்தசோகை: இதில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பி பார்க்கிற டாக்டரிடம் போக வேண்டும். முதலில் தோசை சிக்கும், அப்புறம் குழைந்த சோறு, அப்புறம் தண்ணீர் என்று அது படிப்படியாக வளர்ந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஷட்டர் இரண்டு

கடைமடையில், ஆறு கடலில் விழுவதற்கு முன்னால் ரெகுலேட்டர் கட்டியிருப்பார்கள். ஆற்றுத் தண்ணீர் வடிய வேண்டும், கடல் தண்ணீர் உள்ளே ஏறக் கூடாது. ஷட்டர் பழுதானால் உப்புத்தண்ணீர் எதிர்த்து வந்து வயலைக் கெடுத்துவிடும். நம் உடம்பிலும் இதே ஏற்பாடுதான், ஆனால் ஷட்டர் இரண்டு. மேல் ஷட்டர் உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில். கீழ் ஷட்டர் இரைப்பையும் சிறுகுடலும் சேரும் இடத்தில். பித்தநீர் வந்து கொட்டுவது கீழ் ஷட்டருக்கும் கீழே, முன்சிறுகுடலில். அது தொண்டை வரை வர வேண்டும் என்றால் இரண்டு ஷட்டரையும் தாண்டி வர வேண்டும். கீழ் ஷட்டரை மட்டும் தாண்டினால் இரைப்பைப் புண்ணோடு நிற்கும்.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. கொழுப்பைக் கரைப்பதுதான் அதிலுள்ள பித்த அமிலங்களின் வேலை. எண்ணெய் தேய்த்த தலையை அரப்பு எப்படிச் சுத்தம் செய்கிறதோ அப்படி. சிக்கல் என்னவென்றால், உணவுக்குழாயின் உள் தோலில் உள்ள செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனது. பித்த அமிலத்துக்கு நெய் எது, சவ்வு எது என்று தெரியாது.

இன்னொன்றும் உண்டு. பித்த அமிலம் எப்போதும் ஒரே அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. மிகக் கடுமையான அமிலத்தில் அதில் ஒரு பகுதி உறைந்து படிந்துவிடும். அமிலமே இல்லாத இடத்தில் அது மின்னேற்றம் பெற்று, செல்லுக்குள் எளிதில் நுழைய முடியாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில், அதாவது அமிலத்தின் கடுமையைக் காட்டும் பி.எச். அளவு சுமார் 3 முதல் 5 வரை இருக்கும்போது, கரைந்தும் இருக்கும், மின்னேற்றமும் இருக்காது. சவ்வைத் தாண்டி உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ளும். உள்ளே போனால் வெளியே வர வழியில்லாமல் தேங்கி, செல்லின் மரபுப்பொருளையே கெடுக்கும். ஆய்வகத்தில் தெரிந்த விஷயம் இது. என் கடை அனுபவத்துக்கு இதிலிருந்து ஒன்று புரிகிறது: இஷ்டத்துக்கு இரண்டு நாள் போட்டு மூன்று நாள் விட்டு, அமிலத்தை அரைகுறையாகக் குறைத்து வைப்பது நல்ல பழக்கம் இல்லை.

"மாத்திரை போட்டும் எரியுது"

முதல் சந்தேகம் பித்தநீர் மேல் அல்ல, மாத்திரை போடும் நேரத்தின் மேல்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் வகை மாத்திரைகள் எல்லாம் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டியவை. இரைப்பைச் சுவரில் அமிலம் இறைக்கும் பம்புகள் உண்டு. சாப்பாடு வரும்போதுதான் அவை ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற பம்பைத்தான் இந்த மாத்திரை நிறுத்தும். சாப்பிட்டு முடித்து, தாம்பூலம் போட்டு, அப்புறம் மாத்திரை விழுங்கினால் பாதி வீண். நான் கேட்டுப் பார்த்தவரை, "கேக்கல" என்று வருபவர்களில் நிறைய பேர் சாப்பிட்ட பிறகுதான் போடுகிறார்கள். வேறு சிலர் எரிந்தால் மட்டும் போடுகிறார்கள். இது எரிகிற நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிற மருந்து இல்லை. தினமும் சரியான நேரத்தில் போட்டு மூன்று நாலு நாளாவது பார்க்க வேண்டும்.

சரியான நேரத்தில், டாக்டர் சொன்ன அளவில், எட்டு வாரம் போட்டும் எரிகிறதா? இப்போதுதான் பித்தநீரைச் சந்தேகிக்கலாம். அதையும் மட்டும் இல்லை, வேறு இரண்டு காரணமும் உண்டு. அமிலம் குறைந்த திரவம் ஏறுவது ஒன்று, உணவுக்குழாயின் நரம்பே கூருணர்ச்சியாகிவிட்டது இன்னொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்க ஓரளவு உதவுவதற்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அளக்கிற பி.எச்.-இம்பீடன்ஸ் சோதனை இருக்கிறது. எல்லா ஊரிலும் கிடைக்காது. திரவம் ஏறுகிறதா, அது அமிலமா இல்லையா என்று சொல்லும். அது பித்தநீர்தானா என்று நேராகச் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை. "அமில மாத்திரை பித்தநீரை நிறுத்தாது" என்று படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமிலம் குறைந்தால் இரைப்பையில் திரவத்தின் மொத்த அளவும் குறையும், அதனால் ஏறுகிற பித்தநீரும் ஓரளவு குறையும். தவிர, அமிலமும் பித்த அமிலமும் கூட்டுச் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிட அதிகம் புண்ணாக்கும். மாதக்கணக்கில் போட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் எகிறிக்கொண்டு சுரக்கும், எரிச்சல் முன்பைவிட மோசமாகும். அதைப் பார்த்து "இது இல்லாமல் இருக்கவே முடியாது போலிருக்கு" என்று பயந்துவிடுவார்கள்.

"காலையில் மஞ்சத்தண்ணி வருது, வாயெல்லாம் கசப்பு"

எங்கள் பெரியப்பா பல் தேய்ப்பது தெருவுக்கே கேட்கும். கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து, நாக்கு வழிப்பானை அடித்தொண்டை வரை விட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை ஓங்கரிப்பார். கடைசியில் செங்கல் தரையில் மஞ்சளாக நுரையோடு கொஞ்சம் விழும். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் திருப்தி. "பித்தம் எறங்கிடுச்சுடா" என்பார். தாத்தாவும் அப்படித்தான் செய்தாராம்.

உண்மையில் நடப்பது தலைகீழ். வாந்தி வருவதற்கு முன்னால் சிறுகுடல் வழக்கத்துக்கு மாறாகக் கீழிருந்து மேலாகச் சுருங்கி, தன்னிடம் உள்ளதை இரைப்பைக்குள் தள்ளும். இரவெல்லாம் தேங்கிக் கிடந்த பித்தம் இல்லை அது. ஓங்கரித்ததால் அந்த நிமிஷம் வரவழைக்கப்பட்டது. யார் ஓங்கரித்தாலும் வெறும் வயிற்றில் மஞ்சள் வரலாம். தினமும் இதைச் செய்வது இரண்டு ஷட்டரையும் தினமும் வலியத் தூக்குவது மாதிரி. இந்தப் பழக்கம் உள்ளவர்கள் முதலில் இதை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். நாக்கின் முன்பாதியை மட்டும் வழித்தால் போதும். பெரியப்பாவை நிறுத்த வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது, அது வேறு கதை.

ஒரு வார்த்தைக் குழப்பமும் இதில் இருக்கிறது. சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்று சொல்லும் பித்தம் உடம்பின் ஒரு தன்மை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு திரவம். பேர் ஒன்று என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணி, தலைசுற்றலுக்கும் "பித்தம் ஏறிடுச்சு", மஞ்சள் வாந்திக்கும் "பித்தம் ஏறிடுச்சு" என்கிறோம்.

ஓங்கரிக்காமலே, தூக்கத்தில் இருந்து எழும்போதே வாயில் கசப்பும் தொண்டையில் எரிச்சலும் இருந்தால் அது வேறு. புளிப்பு என்றால் அமிலம், கசப்பு என்றால் பித்தநீர் என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. ஈறு வியாதிக்கும் வாய் வறட்சிக்கும் கசக்கும். மெட்ரானிடசோல் போட்டுக்கொண்டிருந்தால் நாக்கில் தகரம் வைத்தது போல இருக்கும். இப்படி வருபவர்களிடம் நான் முதலில் வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.

"படுத்தா ஏறுது, குனிஞ்சா ஏறுது"

நடவு சீசனில் பெண்கள் சொல்வது இது. காலையில் பழையது சாப்பிட்டுவிட்டு உடனே வயலில் இறங்கி, இடுப்பை மடித்துக் குனிந்தே நாலு மணி நேரம். வயிறு அழுந்தும், மேல் ஷட்டருக்குத் தலைகீழ் அழுத்தம். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்த வேலை பார்க்க முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டால் காலையில் பாதி வயிறு, பத்து மணிக்கு மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். முந்தானையையோ கைலியையோ வயிற்றில் இறுக்கிச் செருகுவதும் கூடாது.

இன்னொரு கூட்டம் முகூர்த்த மாதங்களில் வரும். முதல் நாள் ரிசப்ஷன் சாப்பாடு ராத்திரி பத்து மணிக்கு. நெய், வறுவல், பாயசம் எல்லாம் வரிசையாக இலையில் விழும். பத்தரைக்கு மண்டபத்திலேயே ஜமக்காளம் விரித்துப் படுத்துவிடுவார்கள். கொழுப்பு உள்ளே போனதும் சிறுகுடல் ஒரு ஹார்மோனை விடும். அது பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை இறக்கும். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மேல் ஷட்டரையும் தளர்த்தும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும்போது நீங்கள் மட்டமாகப் படுத்திருக்கிறீர்கள். விடிகாலை மூன்று மணிக்குத் தொண்டை எரிந்து, இருமலோடு எழுந்து உட்காருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறுதான் அழுந்தும், அது உதவாது. இடது பக்கமாகப் படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பையின் வாய் திரவ மட்டத்துக்கு மேலே நிற்கும். பாய் போட்டுப் படுப்பவர்களுக்குச் செங்கல் யோசனை செல்லாது, அவர்களுக்கு இடது பக்கமும் மூன்று மணி நேரமும்தான். தொப்பை இருந்தால் அதைக் குறைப்பது இவை எல்லாவற்றையும்விட அதிகம் வேலை செய்யும். பித்தநீரோ அமிலமோ, எது ஏறினாலும் இந்த வைத்தியம் பொது.

கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டால் சரியாகிறதே என்பார்கள். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் மேல் ஷட்டர் திறக்கிறது. காற்றோடு எது வருகிறது என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

"பித்தப்பை எடுத்த பிறகுதான் ஆரம்பிச்சது"

பித்தப்பை ஒரு ஏரி மாதிரி. சாப்பாடு இல்லாத நேரத்தில் தேக்கி வைத்து, வேண்டும்போது திறந்துவிடும். கல் இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டால் பித்தநீர் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு வெறும் வயிற்றில் மேல்வயிறு எரியும், குமட்டும். சிலருக்குச் சாப்பிட்டவுடன் ஓட வேண்டியிருக்கும், தண்ணீராகப் போகும். சாப்பிட்டவுடன் ஓடுவதும் பித்த அமிலத்தின் வேலையாக இருக்கலாம், சிறுகுடல் திரும்ப உறிஞ்ச முடியாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எரிச்சலைச் சொல்பவர்கள் இந்தப் பேதியைக் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், மருந்து ஒன்றாகவே இருக்கலாம்.

மேல்வயிற்றில் பழைய தையல் தழும்பு

அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள் சிலர் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை ஒரு கோடு. அந்தக் காலத்தில் குடற்புண் முற்றி வழி அடைத்துக்கொண்டால், நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராகச் சேர்த்துத் தைப்பார்கள். தென்னிந்தியாவில் சர்வசாதாரணமாக நடந்த ஆபரேஷன். இன்று மாத்திரையில் தீர்கிற புண்ணுக்கு அன்று அதுதான் வழி. ஆனால் அந்தப் புது வாசலில் ஷட்டர் கிடையாது. பித்தநீர் தடையில்லாமல் இரைப்பைக்குள் வரும்.

இவர்களிடம் அமில மாத்திரை பெரிதாகப் பேசாது. மஞ்சள் வாந்தி, வாந்திக்குப் பிறகும் குறையாத மேல்வயிற்று எரிச்சல், எடைக்குறைவு என்று வந்தால் நான் மாத்திரை எடுத்துக் கொடுப்பதே இல்லை, பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவேன். இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு 15, 20 வருஷம் கழித்து மீதி இரைப்பையில் புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. சீட்டு தொலைந்து போயிருந்தால் எந்த வருஷம் நடந்தது, எதற்காக நடந்தது என்பதையாவது வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். உடல் எடை குறைக்கச் செய்யும் ஆபரேஷன்களில் சிலவற்றிலும் பித்தநீர் இப்படி ஏறும்.

எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் "பைல்" என்று இருக்கிறது

ரிப்போர்ட்டைக் கடையில் நீட்டி, "இதுல பைல்னு போட்ருக்கே" என்பார்கள். பைல் என்றால் பித்தநீர். கேமரா குழாய் தொண்டையில் இறங்கும்போதே குமட்டும். குமட்டினாலே பித்தநீர் மேலே வரும், கிணற்றடிக் கதைதான். ஆகவே இரைப்பையில் பித்தநீர் தெரிந்தது என்பதை மட்டும் வைத்து வியாதி என்று சொல்ல முடியாது. அதோடு இரைப்பைச் சுவர் சிவந்திருந்தால், சதைத்துணுக்குச் சோதனையும் ஒத்துப்போனால், அப்போது பேசலாம்.

கவனித்துப் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு வரிகள். ஒன்று, உணவுக்குழாய்ப் புண் எவ்வளவு என்று சொல்லும் லாஸ் ஏஞ்சலீஸ் கிரேடு. ஏ என்றால் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சின்னக் கீறல், டி என்றால் உணவுக்குழாயின் சுற்றளவில் குறைந்தது முக்கால் பங்குக்குப் புண். சி, டி என்று இருந்தால் மருந்துக்குப் பிறகு மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

இரண்டாவது, பேரட்ஸ் என்ற சொல். லண்டனில் இருந்த நார்மன் பேரட் என்ற அறுவை மருத்துவர் 1950-இல் எழுதியதால் அந்தப் பேர். உணவுக்குழாயின் வெளிறிய தோல் மாறி, குடலின் தோல் மாதிரி செம்மையாக வளர்ந்திருக்கும். ஏன் குடல் மாதிரி? பித்தநீரில் நனைந்து பழகியது குடல்தான். தினமும் பித்த அமிலமும் அமிலமும் பட்டுப் பட்டு, உணவுக்குழாய்ச் செல்கள் குடலை உருவாக்கும் மரபணுக்களைத் திறந்துவிடுகின்றன. உப்பு ஏறிய வயலில் நெல் போய் வேறு செடி முளைப்பது போல. அதனால் நெஞ்செரிச்சல் குறைந்தது போலக்கூடத் தெரியலாம். இது புற்று இல்லை. செல்லில் கெட்ட மாற்றம் இல்லாத பேரட்ஸ் உள்ள ஆயிரம் பேரில் வருஷத்துக்கு ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரைதான் புற்றுக்குப் போவதாகக் கணக்கு. ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றில் அதிகம் வருவது இந்த வழி அல்ல, புகையிலையும் மதுவும் கொண்டுவரும் வேறு வகை. கும்பகோணம் வெற்றிலையைக் குறை சொல்ல எனக்கும் மனசு வராது, ஆனால் பாக்கும் புகையிலையும் சேர்ந்து தினம் பத்துத் தடவை என்பவர் பித்தநீரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் அதை விட வேண்டும்.

டாக்டர் எழுதித் தரக்கூடிய மருந்துகள்

பித்தநீரை மட்டும் அடைக்கிற ஒரே மாத்திரை என்று எதுவும் இல்லை. அதனால் சீட்டில் இரண்டு மூன்று சேர்ந்து வரும். போடும் நேரம் தவறினால் ஒன்றை ஒன்று கெடுக்கும்.

ஆல்ஜினேட் திரவம் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும். இரைப்பைத் திரவத்தின் மேல் ஆடை மாதிரி மிதந்து தடுக்கும். இது குடித்துவிட்டு மேலே தண்ணீர் குடிக்காதீர்கள். சுக்ரால்ஃபேட் வெறும் வயிற்றில், புண்ணின் மேல் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதால். உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்பதும் ஒரு பித்த அமிலம்தான், சாதுவான ரகம். அது கூடினால் பித்தநீரில் கடுமையான ரகங்களின் பங்கு குறையும். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு இல்லை. பாக்லோஃபென் மேல் ஷட்டர் அடிக்கடி தளர்வதைக் குறைக்கும், தூக்கம் வரும், வண்டி ஓட்டுபவர்கள் சொல்லிவிட வேண்டும். டாம்பெரிடோன் இரைப்பையைச் சீக்கிரம் காலி செய்யும், இதய வியாதி உள்ளவர்கள் கேட்காமல் தொடரக் கூடாது. கேஸ் மாத்திரையோடு சேர்ந்தே ஒரே கேப்சூலாக வருவதால் பலருக்கு அதைப் போடுகிறோம் என்பதே தெரியாது.

கொலஸ்டிரமின் பொடி பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தில் போகும். கூடவே தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். மற்ற மருந்துகளை இதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது நாலிலிருந்து ஆறு மணி நேரம் பின்னால் போட வேண்டும். இதை வாங்கிப் போகிறவர்களுக்கு நான் அட்டையின் பின்பக்கம் பேனாவால் மணி எழுதிக் கொடுத்துவிடுவேன்: தைராய்டு 6, பொடி 10.

மருந்தில் அடங்காமல், ஏறுவது சோதனையிலும் உறுதியானால் ஆபரேஷன் இருக்கிறது. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்து மேல் ஷட்டரை இறுக்குவது ஒன்று, ருடால்ஃப் நிஸ்ஸன் 1956-இல் வெளியிட்ட முறை. அமிலமானாலும் பித்தநீரானாலும் இரண்டையும் அது தடுக்கும். பழைய ஆபரேஷன் ஆனவர்களுக்கு, பித்தநீர் வந்து சேரும் இடத்தையே சிறுகுடலில் இன்னும் இரண்டடி கீழே தள்ளி இணைப்பது இன்னொன்று. வாய்க்காலை வெட்டித் திருப்பிவிடுவது போல.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. நாக்கு வழிப்பானைப் பிளாஸ்டிக்கில் சின்னதாக மாற்றிக் கொடுத்தேன், கட்டிலுக்கு இரண்டு செங்கல் வைத்தேன், மாத்திரையை இட்லிக்கு முன்னால் மாற்றினேன். மூன்றாவது வாரம் கடைக்கு வந்து, செங்கல்லில் கால் இடித்துக்கொண்டது என்று ஆயின்மென்ட் வாங்கிப் போனார்.